16,000 அடி உயரத்திலிருந்து விழுந்தும் உடையாத போன்... தெரியுமா?

வானத்திலிருந்து விழுந்த போன்!

2024 ஜனவரி 5. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் சுமார் 16,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. திடீரென்று பக்கவாட்டுக் கதவுத் தகடு ஒன்று பிய்த்துக்கொண்டு போனது! அந்த ஓட்டை வழியாக ஓர் ஐபோனும் வெளியே பறந்தது. கிட்டத்தட்ட 5 கி.மீ. உயரம்! என்ன ஆகியிருக்கும்? தூள்தூள்தானே? இல்லவே இல்லை! சாலையோரத்தில் முழுசாகக் கிடந்தது! சார்ஜ் பாதி மிச்சம். ஏரோபிளேன் மோடுகூட மாறவில்லை. சார்ஜர் வயரின் முனை மட்டும் பிய்ந்து துளையிலேயே மாட்டியிருந்தது!

எப்படிச் சாத்தியம்? விழத் தொடங்கிய சில நொடிகளிலேயே காற்றின் எதிர்ப்பு வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். அதற்குமேல் எவ்வளவு உயரமானாலும் வேகம் ஏறாது! விழுந்த இடமும் மெத்தென்று இருந்தால் போன் தப்பித்தது! அதே போன் இடுப்பு உயரத்திலிருந்து டைல்ஸ் தரையில் விழுந்தால்? உடைந்தாலும் உடையலாம்!

ஐபி68: இரண்டு எண், இரண்டு பரீட்சை!

போன் பெட்டியில் ஐபி68 என்று போட்டிருக்கிறதே, அது அறுபத்தெட்டு இல்லை, தெரியுமா? 6 தனி, 8 தனி! முதல் எண் தூசிக்கு. இரண்டாவது தண்ணீருக்கு. தூசியில் 6தான் உச்சம். தண்ணீரில் 9 வரை உண்டு!

தூசிப் பரீட்சை எப்படி நடக்கும் தெரியுமா? ஒரு பெட்டிக்குள் போனை வைத்து, சலித்தெடுத்த டால்க் பவுடரைப் புழுதிப் புயலாகச் சுழல விடுவார்கள். போதாக்குறைக்கு, போனுக்குள் இருக்கும் காற்றையும் வெளியே உறிஞ்சுவார்கள், பவுடர் எப்படியாவது உள்ளே நுழையட்டும் என்று! இந்தக் கூத்து 8 மணி நேரம் வரை நடக்கும்! கடைசியில் பிரித்துப் பார்த்தால் உள்ளே துளி பவுடர் இருக்கக் கூடாது. இருந்தால் 6 கிடையாது!

ஒரே எண், நாலு ஆழம்!

ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம். கணக்கு நேர்! ஆனால் ஐபி68? ஆழத்தையும் நேரத்தையும் போன் தயாரிக்கும் நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம்! சாம்சங் கேலக்ஸி எஸ்7 போனுக்கு 1.5 மீட்டர். ஐபோன் 11-க்கு 2 மீட்டர். ஐபோன் 11 ப்ரோவுக்கு 4 மீட்டர். ஐபோன் 12-க்கு 6 மீட்டர். நான்குக்கும் பெட்டியில் இருப்பது அதே ஐபி68! அப்படியானால் பெட்டியில் தேட வேண்டியது எதை? எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்ற பொடி எழுத்தை!

6 மீட்டர் ஆழத்தில் போனின் நெஞ்சில் எவ்வளவு பாரம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு சதுர செ.மீ. மேல் சுமார் 1 கிலோ பாரம் ஏறும். 6 மீட்டரில் 600 கிராம். 7 செ.மீ. அகலமும் 15 செ.மீ. நீளமும் உள்ள போனின் திரை 105 சதுர செ.மீ. பெருக்கினால்? 63 கிலோ! முன்பக்கம் 63, பின்பக்கம் 63! அத்தனை அழுத்தத்தையும் தாங்கி நிற்பது என்ன தெரியுமா? ஓரமெங்கும் ஓடும் மெல்லிய பசையும், சிம் தட்டில் இருக்கும் நூல் மாதிரி ஒரு ரப்பர் வளையமும்தான்! சிம் தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள், வளையம் கண்ணில் படும்!

80 டிகிரி வெந்நீர்ப் பீரங்கி!

ஐபி69 பரீட்சையைக் கேட்டால் வாயடைத்துப்போவீர்கள்! 80 டிகிரி செல்சியஸ் வெந்நீர். 80 முதல் 100 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பதைப் போல 35 மடங்குக்கும் மேல்! வெறும் 10 முதல் 15 செ.மீ. தூரத்திலிருந்து பீய்ச்சி அடிப்பார்கள். நாலு கோணம், ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி! போன் சுழலும் தட்டில் சுற்றிக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும்!

இதன் பூர்வீகம் எது தெரியுமா? ஜெர்மனியில் சாலை வாகனங்களின் பாகங்களுக்காக எழுதப்பட்ட தரவிதி! இன்று அது நம் சட்டைப்பைக்கே வந்துவிட்டது. 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்த ஒப்போ எஃப்27 ப்ரோ ப்ளஸ் ஐபி66, ஐபி68, ஐபி69 மூன்றையும் ஒன்றாகச் சுமந்து வந்தது. விலை? 30,000 ரூபாய்க்குள்!

மூழ்கினால் பாஸ், குழாயில் பெயில்!

தண்ணீருக்குள் அரை மணி நேரம் கிடந்து பிழைக்கும் போனுக்குக் குழாய்த் தண்ணீர் ஆபத்தாகலாம், தெரியுமா? மூழ்கும் பரீட்சை வேறு, பீய்ச்சும் பரீட்சை வேறு! 7-லோ 8-லோ தேறிய போன் 5-லும் 6-லும் தானாகவே தேறியதாக அர்த்தமே இல்லை! 6-ம் எண் பரீட்சையில் நிமிடத்துக்கு 100 லிட்டர் தண்ணீர் பாயும்! அதனால்தான் சில போன்களில் 66, 68, 69 என்று மூன்றையும் வரிசையாக அச்சிடுகிறார்கள்!

நல்ல தண்ணீர் மட்டும்தான்!

இந்தப் பரீட்சைகள் எல்லாமே சுத்தமான நல்ல தண்ணீரில்தான்! கடல் நீர்? ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு! போனின் எமன் தண்ணீர் மட்டும் இல்லை, அதில் கரைந்திருக்கும் உப்பும்தான்! உப்பும் மின்சாரமும் சேர்ந்தால் சார்ஜிங் துளையின் உலோக முனைகள் அரிக்கத் தொடங்கிவிடும். நீச்சல் குளத்தின் குளோரினும் சும்மா விடாது!

ஒரு விளம்பரத்துக்கு எவ்வளவு அபராதம் தெரியுமா? ஆஸ்திரேலியாவில் கடலிலும் நீச்சல் குளத்திலும் போனைப் பயன்படுத்தலாம் என்பதுபோல விளம்பரம் செய்த சாம்சங் ஆஸ்திரேலியாவுக்கு 2022-ல் அங்குள்ள நீதிமன்றம் விதித்தது 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்! 2020-ல் இத்தாலியில் ஆப்பிளுக்கும் 1 கோடி யூரோ அபராதம்! தண்ணீர் தாங்கும் என்று விளம்பரம். தண்ணீர் புகுந்தால் வாரண்டி இல்லையா என்று கேட்டது அந்நாட்டு ஆணையம்!

காற்று போகும், தண்ணீர் போகாது!

ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் ஓட்டை வேண்டுமே! பிறகு எப்படித் தண்ணீர் புகாமல் இருக்கிறது? பல போன்களில் அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒரு மாயச் சவ்வு! 1969-ல் ராபர்ட் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று வெடுக்கென இழுத்துப் பார்த்தார். அது அறுந்துபோகாமல் கோடிக்கணக்கான நுண்துளைகளோடு நீண்டது! அந்தக் குடும்பத்துச் சவ்வுதான் இது. ஒலி போகும், காற்று போகும், தண்ணீர்த் துளி மட்டும் நுழையாது!

ஆனால் ஒரு ரகசியம்! நீராவி நுழைந்துவிடும்! ஆவி மூலக்கூறு துளியைவிட அவ்வளவு சின்னது! வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் பாட்டுப் போட்டுக் கேட்பவர்களே, உஷார்!

சோப்புப் போட்டுக் கழுவும் போன்!

2015 டிசம்பரில் ஜப்பானில் ஓர் அதிசயப் போன் விற்பனைக்கு வந்தது தெரியுமா? கியோசெரா நிறுவனத்தின் டிக்னோ ராஃப்ரே! கை கழுவும் சோப்பு நுரையில் போனையும் சேர்த்துக் கழுவலாம்! வெந்நீரிலும் குளிப்பாட்டலாம்! ஈரக் கையால் தொட்டாலும் திரை வேலை செய்யும்!

உள்ளே ஒளிந்திருக்கும் சாட்சி!

"தண்ணீரே படவில்லை சார்!" என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிப் பார்க்கிறீர்களா? சிம் தட்டை உருவிவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பார்கள்! ஐபோன்களில் அந்தத் துளைக்குள் குட்டியூண்டு ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். சாதாரணமாக வெள்ளை அல்லது வெள்ளி நிறம். தண்ணீர் பட்டால் செக்கச்செவேல்! வாரண்டி கதை அங்கேயே முடிந்தது!

அரிசி டப்பாவா? வேண்டவே வேண்டாம்!

நனைந்த போனை அரிசிக்குள் புதைக்கிறோமே, சரியா? தவறு! அரிசியின் நுண்துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது! ஹேர் டிரையர் கூடாது! பஞ்சுக் குச்சி கூடாது! சார்ஜிங் துளை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். முழுதாகக் காய 24 மணி நேரம்கூட ஆகலாம்! அதுவரை சார்ஜர் பக்கமே போகக் கூடாது!

ஒரு போனுக்காக அணைத் தண்ணீரையே இறைத்த அதிகாரி!

2023 மே. சத்தீஸ்கர் மாநிலம் கேர்கட்டா அணையில் செல்ஃபி எடுத்த அரசு அதிகாரி ஒருவரின் போன் தண்ணீருக்குள் விழுந்தது. விலை சுமார் 1 லட்சம் ரூபாய்! என்ன செய்தார் தெரியுமா? டீசல் பம்ப் வைத்து இறைக்கச் சொன்னார்! நாள்கணக்கில் இறைத்து, வெளியேறியது 20 லட்சம் லிட்டருக்கும் மேல்! போன் கிடைத்தது. உயிர்? இல்லை! அதிகாரி சஸ்பெண்ட்! அபராதம் 53,092 ரூபாய்!

இங்கிலாந்தில் நடந்ததோ தலைகீழ்! வை நதியில் 2021 ஆகஸ்ட்டில் விழுந்த ஐபோன் 10 மாதம் கழித்துக் கிடைத்தது. உலர்த்திச் சார்ஜில் போட்டார்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டது!

உப்பில் ஊறிய கண்ணாடி!

தண்ணீர்க் கதை போதும். போனின் திரைக் கண்ணாடிக்கு இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது? சுமார் 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கி எடுப்பதிலிருந்து! கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சின்னச் சோடியம் அயனிகள் வெளியேற, பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்காரும். அந்த நெருக்கடிதான் பலம்! கார்னிங் நிறுவனம் 1960-களிலேயே இப்படிப்பட்ட கண்ணாடியை உருவாக்கி, வாங்க ஆளில்லாமல் ஓரம்கட்டிவிட்டது! முதல் ஐபோனுக்காக ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் கதவைத் தட்டியதும் பழைய கண்ணாடிக்கு மறுபிறவி!

சாவி கீறாது, மணல் கீறும்!

பேன்ட் பையில் சாவியோடு போன் கிடக்கிறதே என்று பதறுகிறீர்களா? எதிரி சாவி இல்லை! கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் போன் கண்ணாடி சுமார் 6. சாவி அதைவிடக் கீழே. ஆனால் மணலில் இருக்கும் குவார்ட்ஸ்? 7! கடற்கரைக்குப் போய்வந்தால் முதலில் பையை உதறுங்கள். ஒரே ஒரு மணல் துகள் போதும், திரையில் கோடு இழுக்க!

26 முறை தொப்!

ராணுவத் தரம் என்று சில போன்களில் போட்டிருக்குமே, மில்-எஸ்டிடி-810! அதன் விழும் பரீட்சையில் 26 முறை போட வேண்டும். ஏன் 26? 6 பக்கம், 12 விளிம்பு, 8 மூலை. கூட்டிப் பாருங்கள்! உயரம் 122 செ.மீ. ஆனால் இன்னொன்று தெரியுமா? ஒரே போன் 26 அடியையும் வாங்க வேண்டியதில்லை! 5 போன்கள் வரை பங்கு போட்டுக்கொள்ளலாம்!

மடங்கும் போனுக்கு மணல்தான் வில்லன்!

2021-ல் வந்த கேலக்ஸி இசட் ஃபோல்டு3 ஐபிஎக்ஸ்8. தண்ணீர் ஓகே! தூசி இடத்தில் எக்ஸ், அதாவது அந்த எண்ணே இல்லை! 2024-ன் ஃபோல்டு6 ஐபி48. 1 மி.மீ.க்கு மேற்பட்ட துகள் மட்டும் புகாது. கடைசியில் 2025-ல் கூகுள் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டு ஐபி68-ஐயே எட்டிப் பிடித்தது! தினமும் நூறு முறை மடங்கும் கீலுக்குள் துளி தூசி புகாமல்! நம்ப முடிகிறதா?

எண் மாறாது, பசை மாறும்!

இது மிக முக்கியம்! பெட்டியில் இருக்கும் எண் புத்தம்புதுப் போன் வாங்கிய மார்க். இரண்டு வருடம் வெயிலில் காய்ந்து, நாலு முறை கீழே விழுந்து, ஒரு முறை டிஸ்ப்ளே மாற்றிய போனுக்கு அதே மார்க் கிடையாது! பசை தளரும், ரப்பர் காயும்! போனைப் பிரித்துச் சரிசெய்தால் புதுப் பசை ஒட்டினார்களா என்று அவசியம் கேளுங்கள்! பழைய போன் வாங்குகிறீர்களா? அதைத் தண்ணீர் தாங்காத போனாகவே நினைத்துக்கொள்ளுங்கள்!

எத்தனை அடி தாங்கும்? ஸ்டிக்கரே சொல்லும்!

2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்கு ஒரு லேபிள் கட்டாயம்! கீழே விழுந்தால் தாங்குவதற்கு ஏ முதல் ஈ வரை கிரேடு! மடங்காத போன் குறைந்தது 45 முறை விழுந்து எழ வேண்டும். ஏ கிரேடு வேண்டுமா? 270 முறை! ஐபி எண்ணும் அதே லேபிளில்! பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கும் கிரேடு உண்டு!

அடுத்த முறை போன் கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்! எத்தனை மீட்டர்? எத்தனை நிமிடம்? குழாய்த் தண்ணீரும் தாங்குமா? நனைந்து கெட்டால் வாரண்டி உண்டா? நாலுக்கும் பதில் வாங்கிய பிறகு பர்ஸைத் திறங்கள்!