பனி ஊரில் புகாரி அடுப்பு: புகையாகப் போகும் சம்பளம்

நம் ஊரில் ஐப்பசி அடைமழை ஓயும் முன்பே சிம்லாவில் கம்பளிகளை வெயிலில் காயப் போடத் தொடங்கிவிடுவார்கள். மார்கழி, தை மாதங்களில் பனி விழும். குழாயில் தண்ணீர் உறைந்து நிற்கும். தேங்காய் எண்ணெய்ப் புட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது புரட்டாசியிலேயே கல்லாகிவிடும்!

மத்திய அரசு அலுவலகம், வங்கி, ராணுவம், சாலைப் பணி என்று பிழைப்பை முன்னிட்டு இமயமலைப் பக்கம் மாற்றலாகி வரும் நம்மவர்களுக்கு முதல் குளிர்காலம் ஒரு பரீட்சைதான். ஜனவரி இரவுகளில் சிம்லாவின் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். லடாக்கின் லே நகரிலோ பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரை இறங்குவது சகஜம். மின்சார ஹீட்டர் இருக்கிறதே என்றால், பனி கொட்டும் இரவில்தான் மின்சாரமும் போகும். சமையலுக்குக் காஸ் சிலிண்டர் வந்துவிட்டது. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்துக்குப் பிறகு மலைக் கிராமங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஆனால் சிலிண்டர் சோறு பொங்கித் தருமே தவிர, வீட்டைச் சூடாக்காது. அந்த வேலைக்கு இன்றும் விறகுதான்.

எரிவது ஒன்று, போவது ஒன்று

காஷ்மீரிலும் லடாக்கிலும் இந்த விறகு அடுப்புக்குப் புகாரி என்று பெயர். இந்தி கற்றுக்கொண்டிருப்பவர்கள் காய்ச்சலோ என்று பயப்பட வேண்டாம். காய்ச்சலுக்குப் ‘புகார்’, அடுப்புக்குப் ‘புகாரி’. இமாசலத்தின் மேல் பகுதிகளில் இதையே தந்தூர் என்பார்கள். ரொட்டி சுடும் மண் தந்தூர் வேறு, இது வேறு.

அமைப்பு எளிமையானது. இரும்புத் தகட்டில் செய்த ஒரு பெட்டி அல்லது உருளை. விறகு போட ஒரு கதவு, காற்று நுழைய ஒரு துளை, புகை வெளியேற ஒரு நீண்ட குழாய். குழாய் அறையைத் தாண்டி ஜன்னல் வழியாகவோ கூரை வழியாகவோ வெளியே போகும். நம் ஊரில் பழைய வீடுகளின் கொல்லைப்புறத்தில் செப்புப் பாய்லர் இருக்குமே, நடுவில் குழாய், அதற்குள் கொட்டாங்கச்சியும் சுள்ளியும் போட்டு வெந்நீர் வைப்பார்களே, அதை நினைத்துக்கொண்டால் போதும். அங்கே குழாயைச் சுற்றித் தண்ணீர் சூடாகிறது. இங்கே பெட்டியைச் சுற்றி அறை சூடாகிறது.

சிம்லாவின் பழைய வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்களில் சுவரோடு சேர்ந்த கணப்பு உண்டு. பார்க்க அழகு. ஆனால் திறந்த கணப்பில் விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அறையில் தங்கும். மீதி அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகும். நல்ல மூடிய அடுப்பில் பாதிக்கு மேல் வெப்பம் அறைக்கே கிடைக்கும்.

ஆனால் அடுப்பு மூடியதாக இருந்தால் மட்டும் போதாது. எரிக்கத் தெரிய வேண்டும்.

விறகு சூடானதும் முதலில் அதிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. கட்டையின் வெப்பத்தில் பாதிக்கு மேல் இந்த வாயுக்களில்தான் இருக்கிறது. நாம் பார்க்கும் சுவாலை இந்த வாயு எரிவதுதான். நல்ல சூடும் போதிய காற்றும் இருந்தால் வாயு முழுதும் எரிந்துவிடும். அடுப்பு குளிர்ந்திருந்தாலோ காற்று போதாமல் போனாலோ அதுவே எரியாமல் புகையாக வெளியேறும். ஆகவே புகை என்பது எரியாத விறகு. காசு கொடுத்து வாங்கி, முதுகில் சுமந்து மேட்டில் ஏற்றிய விறகு, குழாய் வழியே ஊர் சுற்றப் போகிறது!

புதிதாக வந்தவர் சிக்கனம் என்று எண்ணி ஒரு காரியம் செய்வார். இரவு படுக்கும்போது பெரிய கட்டைகளை அடுப்பு நிறையத் திணித்து, காற்றுத் துளையை இறுக மூடிவிடுவார். விடிய விடியக் கட்டை கனன்றுகொண்டே இருக்கும்; காலையிலும் நெருப்பு மிச்சமிருக்கும். ஆகா, எட்டு மணி நேரம் எரிந்ததே என்று சந்தோஷம். உண்மையில் எட்டு மணி நேரமும் விறகு வெந்து புகைந்ததே தவிர எரியவில்லை. அந்தப் புகை குழாயின் குளிர்ந்த உட்புறத்தில் பட்டுத் தார் போன்ற கரும்பிசினாகப் படிகிறது. ஒருநாள் அடுப்பு நன்றாக எரியும்போது அந்தப் பிசினில் தீப்பற்றினால் குழாய் செக்கச்செவேல் என்று பழுத்துவிடும். பக்கத்தில் மரப்பலகைச் சுவர் இருந்தால் வீடே போகும். மலை வீடுகளில் மரத்துக்கா பஞ்சம்?

சரியான வழி இதற்கு நேர் எதிர். சிறிதாகப் பிளந்த விறகைக் கொஞ்சமாகப் போட்டுக் காற்றைத் தாராளமாக விட்டு, சுவாலை துள்ளி எரியும்படி எரிக்க வேண்டும். அறை சூடானதும் அடுப்பு தானாக அணையட்டும். சூட்டைப் பிடித்து வைக்க அடுப்பைச் சுற்றிச் செங்கல்லோ கல்லோ அடுக்கி வைக்கலாம். நெருப்பு அணைந்த பிறகும் அவை வெகுநேரம் சூட்டைக் கொடுக்கும். மேலே ஒரு கெட்டில் தண்ணீர் இருந்தால் காலையில் பல் துலக்க வெதுவெதுப்பாக இருக்கும்.

அடுப்பு ஒழுங்காக எரிகிறதா என்று தெரிந்துகொள்ள வெளியே போய்க் குழாயின் முனையைப் பார்த்தால் போதும். பற்றவைத்த சிறிது நேரம் புகை வருவது இயல்பு. அதன்பின் வெப்பக் காற்று நெளிவது மட்டும் தெரிந்தால் நல்லது. நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ புகை கட்டி நின்றால் சம்பளம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீருக்கு விறகு விலை

விறகு எடைக் கணக்கில், குவிண்டால் கணக்கில் விற்கப்படுகிறது. இதில் ஒரு பெரிய மோசம் இருக்கிறது. அன்று வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகிலோ ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பச்சை விறகு ஒரு குவிண்டால் வாங்கினால் 50 கிலோ தண்ணீருக்கு விறகு விலை கொடுத்தாயிற்று! அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 7 கிலோ காய்ந்த விறகின் சூடு செலவாகும். அதைவிடப் பெரிய நஷ்டம், ஈரத்தால் நெருப்பு குளிர்ந்து வாயுக்கள் எரியாமல் போவது. ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம்.

காய்ந்த விறகைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. வெட்டுமுனையில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை கழன்று வரும். இரண்டு கட்டைகளைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்கும். ஈர விறகு ‘தொப்’ என்று ஒலிக்கும். கையில் எடுத்தாலே கனம் காட்டிக்கொடுக்கும்.

மரத்திலும் தரம் உண்டு. சவுக்கும் கருவேலமும் போல அடங்கி நின்று எரிவது நம் ஊரில் வேறில்லை. முருங்கைக் கட்டையை யாரும் விறகென்று வாங்கமாட்டார்கள். மலையில் கருவேலத்தின் இடத்தில் இருப்பது ‘பான்’ எனப்படும் ஓக் மரம். நின்று எரியும், நல்ல தணல் தரும். ஆனால் காய அதிக நாள் பிடிக்கும். பைன் மரம் சீக்கிரம் காயும், சீக்கிரம் பற்றும், பிசின் அதிகம். பற்றவைக்கப் பைன் சிராய், நின்று எரிய ஓக் கட்டை என்பது மலைவாசிகளின் கணக்கு. லடாக்கில் இந்தப் பேச்சே இல்லை. அங்கே மரம் என்றால் ஓடையோரத்து வில்லோவும் பாப்லரும்தான். அதனால் வறட்டியையும் சேர்த்து எரிக்கிறார்கள்.

பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக், டயர்த் துண்டு இவை அடுப்புக்குள் போகவே கூடாது. அவற்றின் புகை விஷம். எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தற்கொலைக்குச் சமம்.

புகையில்லாத எமன்

இதுவரை சொன்னது பணக் கணக்கு. இனி வருவது உயிர்க் கணக்கு.

டில்லி, பஞ்சாப், உத்தரப் பிரதேசம் எங்கும் குளிர்காலத்தில் ஏழைகளின் துணை ‘அங்கீட்டி’. வேறொன்றுமில்லை, நம்முடைய குமுட்டி அடுப்புதான். கரியைப் போட்டு வாசலில் வைத்து விசிறிப் புகை அடங்கும்வரை காத்திருப்பார்கள். தணல் பழுத்ததும் உள்ளே கொண்டுவந்து, கதவைத் தாழிட்டு, ஜன்னல் இடுக்கில் துணி திணித்துப் படுப்பார்கள். புகை இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நினைப்பு. காலையில் பக்கத்து வீட்டார் கதவை உடைக்க நேரிடுகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இப்படிப்பட்ட செய்தி வராத ஆண்டு இல்லை. குடும்பம் குடும்பமாகவும், ஒரே அறையில் தங்கும் தொழிலாளர்கள் கூட்டாகவும் மடிந்திருக்கிறார்கள்.

கொல்வது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சலும் இல்லை. புகையடங்கிய தணலில்தான் அது ஏராளமாக உண்டாகிறது. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவை விட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், குமட்டல், கை கால் சோர்வு. தூங்குகிறவருக்கு இவை எதுவும் தெரிவதில்லை. விழித்திருப்பவரும் எழுந்து கதவைத் திறக்கத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடுகிறார்.

அறையில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், வெளியே போனதும் வலி குறைந்தால், சந்தேகமே வேண்டாம். உடனே கதவு ஜன்னல்களைத் திறந்து எல்லோரையும் வெளியேற்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிராணவாயு கொடுப்பதுதான் வைத்தியம். மோரும் எலுமிச்சைச் சாறும் இதற்கு உதவாது. மூடிய குளியலறையில் காஸ் கீசரைப் போட்டுக் குளிப்பவர்களையும் இதே வாயுதான் பலி வாங்குகிறது.

காஷ்மீரில் மண்சட்டியில் கரித் தணலிட்டுப் பிரம்புக் கூடையில் பொருத்திய காங்ரியை அங்கிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டை விட்டு ஆளை மட்டும் சூடாக்கும் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நெடுநாள் சூடு பட்ட தொடையிலும் வயிற்றிலும் தோல் புற்றுநோய் வருவதை டாக்டர்கள் 19-ம் நூற்றாண்டிலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். பழக்கமில்லாதவர்கள் படுக்கையில் அதைத் தொடாதிருப்பதே நல்லது.

புகாரிக்குக் குழாய் இருப்பதால் அது குமுட்டியைவிட எவ்வளவோ பத்திரம். ஆனால் அந்தப் பத்திரம் குழாய் திறந்திருக்கும் வரைதான். கரி அடைத்தாலும், பறவை கூடு கட்டினாலும், முனையைப் பனி மூடினாலும் புகாரியும் பெரிய குமுட்டிதான். இரவில் காற்றுத் துளையை மூடிக் கனலவிடும் பழக்கத்தில் உள்ள இரண்டாவது ஆபத்து இதுவே. அடுப்புக்கு வேண்டிய காற்று அறையிலிருந்துதான் போகிறது. எனவே ஜன்னல் இடுக்குகளில் பழைய பத்திரிகைத் தாளை ஒட்டுபவர்கள் (இந்தத் தாளும் அதற்கு உதவும்!) நான்கு விரல் அகலத்துக்கு ஒரு திறப்பை மட்டும் ஒருபோதும் அடைக்கக் கூடாது. இந்த வாயுவைக் கண்டு அலறும் சிறு பேட்டரி அலாரங்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. ஒரு மாத விறகுச் செலவில் கொஞ்சத்தை அதற்கு ஒதுக்கினால் தவறில்லை.

குழாய் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சமையலறையிலேயே சரித்திரம் இருக்கிறது. ஐதராபாத் என்ஜினீயர் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பு ஒன்றை வகுத்தார். அதைப் பற்றிய அவருடைய நூல் 1953-ல் சென்னையில் வெளியாயிற்று. பிறகு மத்திய அரசு 1983 முதல் ஒரு தேசியத் திட்டம் போட்டு, 2002 வரை புகைபோக்கி உள்ள அடுப்புகளை லட்சக்கணக்கான வீடுகளில் அமைத்தது. பல வீடுகளில் சில ஆண்டுகளுக்குள் அவை மூலையில் கிடந்தன. அடுப்பைக் கட்டிக் கொடுக்க ஆள் வந்தார்; குழாயில் கரி அடைத்தபோது வரவில்லை. தானே சுத்தம் செய்யலாம் என்று வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

புகாரிக் குழாயைக் குளிர்காலம் தொடங்கும் முன் ஒரு முறையும், நடுவில் ஒரு முறையாவதும் கழற்றித் தட்ட வேண்டும். மரப்பலகையைத் துளைத்துக் குழாய் போகும் இடத்தில் சுற்றிலும் இடைவெளி விட்டுத் தகடு பொருத்த வேண்டும். சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் அள்ளி வெளியே வைக்க வேண்டும். அணைந்ததுபோல் தோன்றும் சாம்பலுக்குள் மறுநாளும் கங்கு இருக்கும். அதை அறைக்குள் வைத்தால் மறுபடியும் அதே வாயு.

டில்லிவாசிகளுக்குப் புகாரி வேண்டியதில்லை. காற்று மாசு மிகும் நாட்களில் அங்கே விறகும் கரியும் எரிக்கத் தடையும் போடப்படுகிறது. நல்ல ரஜாய் ஒன்று, துணி சுற்றிய வெந்நீர்ப் பை ஒன்று இருந்தால் இரவு கழிந்துவிடும். குமுட்டி வேண்டுமானால் வாசலில், திறந்த வெளியில், விழித்திருக்கும் நேரத்தில் மட்டும்.

மலையில் இருப்பவர்கள் கார்த்திகையில் குளிர் வந்தபின் விறகுக்கு அலைந்தால் கிடைப்பது ஈர விறகுதான். பங்குனிக் கடைசியில் புகாரியைக் கழற்றும்போதே அடுத்த குளிருக்கான விறகை வாங்கிப் பிளந்து, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களில் காற்றோட விட்டு அடுக்கிவிட வேண்டும். கழற்றிய அடுப்பைச் சாம்பல் போகத் துடைத்து எண்ணெய் தடவிப் பரணில் ஏற்றினால், ஜூன் கடைசியில் தொடங்கும் மழையில் துருப்பிடிக்காது.