குடமும் வியர்க்கும், மனிதனும் வியர்ப்பான்

மண்குடத்துத் தண்ணீர், காற்று வறண்டு வீசும் கோடையிற்றான் நன்றாகக் குளிர்கிறது, அது ஏன்? மின்விசிறியின் முன் இருந்தால் உடம்பு குளிர்கிறது; அதே விசிறியின் முன் வைத்த வெப்பமானி ஏன் இறங்குவதில்லை? நாய் ஏன் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கிறது? எருமை ஏன் சேற்றை விட்டு எழ மறுக்கிறது? வேப்பமரத்து நிழலில் இருக்கும் சுகம் தகரக் கொட்டிலின் நிழலில் ஏன் இல்லை?

இவையெல்லாம் சிறுவர்கள் கேட்கும் வினாக்கள். "அது அப்படித்தான்" என்று சொல்லி அவர்களை அனுப்பிவிடுவது எளிது. ஆனால் இந்த ஐந்து வினாக்களுக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான் உண்டு. அந்த விடையைச் சரியாக விளங்கிக்கொண்டால், வெயிலில் உழைக்கும் ஒருவரின் உயிரைக் காக்கவும் அது உதவும். ஆகவே சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

குடத்தின் இரகசியம்

சுட்ட மண்குடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் பல உண்டு. அவற்றின் வழியே உள்ளிருக்கும் நீர் சிறிது சிறிதாக வெளிப்புறத்துக்குக் கசிகிறது. கசிந்த நீர் ஆவியாகிக் காற்றோடு கலக்கிறது. நீர் ஆவியாக மாறுவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் குடத்திலிருந்தும் அதனுள் இருக்கும் நீரிலிருந்துமே அது எடுத்துக்கொள்கிறது. எனவே எஞ்சிய நீர் குளிர்கிறது. பளபளப்பான மெருகு பூசிய சாடியிலோ பிளாஸ்ரிக் வாளியிலோ துளைகள் இல்லை. ஆகவே இந்தக் குளிர்ச்சியும் இல்லை. பழைய குடத்தில் துளைகள் அடைபட்டுப் போவதால் அது புதுக்குடம் போலக் குளிர்விப்பதில்லை.

ஒரு லீற்றர் நீர் முழுவதும் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். கிணற்றிலிருந்து அள்ளிய ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப் போல இது எட்டு மடங்கு. இவ்வளவு பெரிய சக்தியைச் சத்தமில்லாமல் வெளியேற்றும் வேலையைத்தான் ஓர் எளிய மண்குடம் செய்கிறது.

இந்த உண்மையைப் பயன்படுத்தி ஏழை விவசாயிகளுக்கு உதவியவர் நைஜீரிய ஆசிரியர் முகமது பா அப்பா. குயவர் குடும்பத்தில் வந்த அவர், 1990களில் ஒரு மண்சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்து, இடையிலுள்ள வெளியை ஈர மணலால் நிரப்பி, மேலே ஈரத்துணியால் மூடும் முறையைத் தம் நாட்டின் வறண்ட வடபகுதிக் கிராமங்களிற் பரப்பினார். மூன்று நாட்களில் வாடிப்போகும் கத்தரிக்காய் அதனுள் மூன்று வாரங்களுக்கு மேலும் கெடாமல் இருந்தது. மின்சாரம் தேவைப்படவில்லை. அன்றன்று விற்காவிட்டால் அழுகிவிடுமே என்று கிடைத்த விலைக்குக் காய்கறியைக் கொடுத்த குடும்பங்களுக்கு அது பெரும் ஆறுதலாயிற்று. குயவரின் கைத்திறனும் அறிவியலும் கைகோத்ததன் பயன் அது.

எமது உடம்பும் ஒரு குடம்

மனித உடம்பின் உள்வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ். மாரியானாலும் கோடையானாலும் அது அதிகம் மாறக்கூடாது. உழைக்கும்போது தசைகளில் வெப்பம் பிறக்கிறது. அதை வெளியேற்றுவதற்காகவே எமது தோலில் இருபது முதல் நாற்பது இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் வரை உள்ளன. வியர்வை ஆவியாகும்போது, குடத்திலிருந்து வெப்பத்தை எடுத்தது போலவே, எம்மிடமிருந்தும் எடுத்துச் செல்கிறது. கடும் வெயிலில் வேலை செய்பவர் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றருக்கு மேலும் வியர்வையை இழக்கக்கூடும்.

விசிறியின் வினாவுக்கும் இங்கே விடை கிடைக்கிறது. விசிறி காற்றைக் குளிராக்குவதில்லை, அசைக்கிறது. அசையும் காற்று தோலிலுள்ள ஈரத்தை விரைவாக ஆவியாக்குகிறது. வெப்பமானிக்கு வியர்வை இல்லை. ஆகவே அது இறங்குவதில்லை. அதன் குமிழில் ஓர் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுப் பாருங்கள். உடனே இறங்கத் தொடங்கும்.

விலங்குகள் தத்தமக்கு இயன்ற வழியில் இதையே செய்கின்றன. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பாதங்களில் மட்டுமே சிறிதளவு உண்டு. எனவே அது நாக்கிலும் வாயிலும் மூச்சுவழியிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்குகிறது. மதிய வெயிலில் காகம் அலகைப் பிளந்துகொண்டு இருப்பதும் அதற்காகவே. எருமைக்கு மாட்டைவிட வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. கறுத்த தோலோ வெயிலை வாங்கிக்கொள்கிறது. ஆகவே அது சேற்றைப் பூசிக்கொண்டு, தன்னிடம் இல்லாத வியர்வையைக் குளத்திடம் கடன் வாங்குகிறது. நாரை இனப் பறவைகள் சில நீர்த்தன்மையான எச்சத்தைத் தம் கால்கள் மீதே இட்டுக் குளிர்ச்சி பெறுகின்றன. தேனீக்கள் தண்ணீரைக் கொண்டுவந்து கூட்டினுள் தெளித்துச் சிறகால் விசிறுகின்றன. மரங்களும் இலைத் துளைகள் வழியே நீரை ஆவியாக்குகின்றன. வெயிலைத் தடுப்பதோடு இலைகள் தாமும் அதிகம் சூடேறாமல் இருப்பதால் மரநிழல் இதமாக இருக்கிறது. தகரமோ தான் சூடேறி அந்தச் சூட்டைக் கீழே இருப்பவர் தலையிலும் இறக்கிவிடுகிறது.

கச்சானும் புழுக்கமும்

1774ஆம் ஆண்டு லண்டனில் சார்ள்ஸ் பிளாக்டன் என்ற மருத்துவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் மிகச் சூடாக்கப்பட்ட அறையொன்றினுள் நுழைந்து பார்த்தார்கள். பிளாக்டன் ஏறத்தாழ 127 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் நின்றார். அதே அறையில் வைத்த முட்டை வெந்தது, இறைச்சி வெந்தது. அவரோ நலமாக வெளியே வந்தார். காற்று வறண்டிருந்ததும், வியர்வை தடையின்றி ஆவியானதும், நின்ற நேரம் குறுகியதாக இருந்ததுமே காரணம்.

இதன் மறுபக்கமே எமக்கு முக்கியமானது. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதன் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக இடமில்லை. அது சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுகிறது. சொட்டிய வியர்வை குளிர்ச்சி தருவதில்லை. உடம்பின் நீரும் உப்பும் வீணாவதே மிச்சம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது 35 பாகையை எட்டினால், நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான மனிதரும் பல மணித்தியாலங்கள் தாங்க முடியாது என்று 2010இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். பின்னர் 2022இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனைகளில், இளைஞர்களின் உடம்பே ஈரப்பதன் மிகுந்த சூழலில் ஏறக்குறைய 31 பாகையிலேயே சமாளிக்க முடியாமற் போகத் தொடங்கியது தெரியவந்தது. முதியவர்களுக்கு இந்த எல்லை இன்னும் கீழே இருக்கும்.

மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடாகிக் கிழக்கே இறங்கும் கச்சான் காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடும். "வியர்க்கவே இல்லை" என்று நினைத்துக்கொண்டே ஒருவர் வற்றிப்போகலாம். காற்று அடங்கிய புழுக்க நாட்களிலோ வியர்வை ஓடியும் உடம்பு குளிராது. ஆபத்து இரண்டிலும் உண்டு. அதன் முகம்தான் வேறு.

யாருடைய வியர்வை?

அறுவடை இயந்திரங்கள் வந்துவிட்டபோதிலும் வெங்காயத் தோட்டத்திலும் செங்கற் சூளையிலும் வீதி வேலையிலும் கரைவலை இழுப்பதிலும் மனித உடம்பே இன்னும் வேகிறது. மத்திய அமெரிக்காவில் எல்சல்வடோர், நிக்கரகுவா நாடுகளின் கரும்பு வெட்டும் இளைஞர்கள் பலர் சிறுநீரகம் பழுதடைந்து இறந்தார்கள். கடும் வெப்பமும் நீரிழப்பும் அங்கே ஒரு முக்கிய காரணமெனக் கருதப்படுகிறது. இலங்கையிலும் 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே சிறுநீரக நோய் பரவலாக அறியப்பட்டது. அதன் காரணம் இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. குடிநீர், விவசாய இரசாயனங்கள் முதலியவற்றோடு வெப்பத்தால் ஏற்படும் நீரிழப்பும் ஆராயப்படுகிறது.

வெயிலைப் பழகிக்கொள்ள உடம்புக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் வேண்டும். பழகிய உடம்பு விரைவில் வியர்க்கத் தொடங்குகிறது. வியர்வையில் உப்பையும் குறைவாகவே விடுகிறது. வேலையிடங்களில் வெப்பத்தால் இறப்பவர்களிற் பலர் வேலையின் முதற் சில நாட்களிலேயே இறக்கிறார்கள். ஆகவே புதிதாக வந்தவருக்கும், நோயிலிருந்து எழுந்து வந்தவருக்கும் முதல் நாளே முழுவேலை கொடுப்பது தவறு.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். ஒதுங்குவதற்கு மறைவான இடம் இல்லை என்பதே அதற்குக் காரணம். தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டோம் என்று நிலச்சொந்தக்காரர் திருப்திப்பட முடியாது. நான்கு கம்பும் கிடுகும் கொண்டு ஒரு மறைப்புக் கட்டுவது பெருஞ்செலவல்ல.

நாம் செய்யக்கூடியவை

பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு ஒரு தடவை ஒரு கோப்பை தண்ணீர் குடிக்கச் செய்வோம். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நெடுநேரம் வியர்த்தவருக்கு உணவோடு உப்பும் சேரட்டும். உப்புச் சேர்த்த கஞ்சியும் மோரும் எம்மவர் அறிந்த நல்ல வழிகள். கடினமான வேலையைக் காலையிலும் மாலையிலும் வைத்து, உச்சி வெயிலில் மரநிழலில் ஓய்வு கொடுப்போம். தோட்ட ஓரத்து வேம்பையும் மருதையும் வெட்டுமுன் இதை எண்ணிப் பார்ப்போம்.

வெயிலில் ஒருவர் தடுமாறினால், பிதற்றினால், மயங்கினால் அதை "பித்தம்" என்று விட்டுவிடக் கூடாது. அவர் உடம்பு 40 பாகைக்கு மேல் சூடேறியிருக்கலாம். வியர்த்துக்கொண்டிருந்தாலும் ஆபத்து இல்லையென்று எண்ண வேண்டாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், மேலாடையைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளிர்விப்பதை நிறுத்தாமலே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

உடம்பை நனைத்து விசிறுவது என்பது, நின்றுபோன அல்லது போதாமற்போன வியர்வையின் வேலையை எமது கைகளாற் செய்து கொடுப்பதே. மண்குடம் ஏன் குளிர்கிறது என்று பிள்ளை கேட்கும்போது அதை உட்காரவைத்து விளக்குவோம். நாளை வயலில் யாரேனும் விழுந்தால், என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் அறிந்திருப்பது அந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம்.