அறிவை அளக்கும் கோல்

உளவியல் உண்மையான அறிவியல்தானா என்னும் வினா, பேராசிரியர்கள் தங்களுக்குள் வாதிட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டியதொன்று என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறன்று. பள்ளியில் பின்தங்கும் மகனைப் பெற்றோர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றனர். அங்கே அவனிடம் வினாக்கள் கேட்கின்றனர்; கட்டைகளை அடுக்கச் சொல்கின்றனர்; படங்களைக் காட்டி என்ன குறைகிறது என்கின்றனர். முடிவில் ஒரு தாள் தரப்படுகின்றது. அத்தாளில் ஓர் எண் இருக்கின்றது. அந்த எண்ணைப் பெற்றோர் எவ்வளவு தூரம் நம்பலாம்? பல்கலைக்கழகத்து வினா, நம் பங்கிலுள்ள வீடுகளுக்குள் வந்து சேரும் வழி இதுவே.

குருமடத்தில் மெய்யியல் பயின்றபோது, காரணங்களை அறிந்து பெறும் உறுதியான அறிவே அறிவியல் என்று அரிஸ்டாட்டிலையும் புனித தோமா அக்குவினாரையும் ஒட்டி நமக்குக் கற்பித்தனர். அவ்வளவுகோலைக் கடுமையாகப் பிடித்தால் வானிலை ஆய்வும் தேறாது. மருத்துவத்தில் பாதியும் தேறாது. ஆகவே இக்காலத்தார் கேட்பதைப்போல் நாமும் கேட்போம்: சொல்லப்பட்ட கூற்றைப் பிறர் சோதித்துப் பார்க்க இயலுமா? தவறெனில் தவறென்று காட்ட வழி உண்டா? காட்டிய பின்னர்த் திருத்திக்கொள்கின்றனரா?

ஒரு சிறு விலகல். உளவியல் ஆன்மாவை மறுக்கும் கல்வி என்று அஞ்சுவோர் நம்மிடையே இன்னும் உளர். 1879ஆம் ஆண்டு வில்லெம் வுண்ட் என்பார் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வுக்கூடம் நிறுவியபின் அவரிடம் சென்று கற்றுத் தேறியவர்களுள் எட்வர்டு பேஸ் என்னும் அமெரிக்கக் குருவும் ஒருவர். லூவேன் பல்கலைக்கழகத்தில் அத்தகைய கூடம் 1890களில் எழத் தூண்டுகோலாய் இருந்தவர், பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த மெர்சியர். ஆகவே அந்த அச்சத்தை இவ்விடத்திலேயே விட்டுவிட்டு மேலே செல்வோம்.

நுண்ணறிவுச் சோதனையின் தந்தை ஆல்பிரெட் பினே என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் முதலில் நாடியது வினாத்தாளை அன்று, மண்டையோட்டை. அறிவுள்ளோர்க்குத் தலை பெரிதாயிருக்கும் என்பது அக்காலத்து நம்பிக்கை. ஆசிரியர்கள் சிறந்தவர் என்றும் மந்தமானவர் என்றும் சுட்டிய மாணவர்களின் தலைகளைப் பள்ளி பள்ளியாகச் சென்று அவர் அளந்தார். கிடைத்த வேறுபாடோ மிகச் சொற்பம். அப்போது அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது: ‘இவன் கெட்டிக்காரன் என்று முன்னரே அறிந்து அளக்கும்போது, என் கை என்னை அறியாமலே அளவைக் கூட்டிவிடுகிறதோ?’ தம்மையே ஐயுற்ற அவர், தம் அளவீடுகளை மறுபடியும் சோதித்துப் பார்த்தார்; இறுதியில் அவ்வழியையே கைவிட்டார். உளவியல் அறிவியலாக இருக்கும் இடம் எது என்று நம்மைக் கேட்டால், பின்னர் வந்த சோதனையைவிட இந்த ஐயத்தையே முதலில் சுட்டுவோம்.

1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. கட்டாயக் கல்வி வந்துவிட்டமையால் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தனர். அவர்களுள் தனி உதவி தேவைப்படுவோரை அடையாளம் காணவேண்டும். ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு அதனை விட்டுவிடலாகாது. பினேயும் மருத்துவர் தியோடர் சிமோனும் 1905இல் முப்பது சிறு பணிகள் கொண்ட சோதனை ஒன்றை வெளியிட்டனர். 1908இல் அது விரிந்து ‘மன வயது’ என்னும் கருத்து பிறந்தது. எட்டு வயதுப் பிள்ளை ஆறு வயதினர் செய்வதை மட்டுமே செய்தால் அதன் மன வயது ஆறு. பின்னர் வேறொருவர் மன வயதை உண்மை வயதால் வகுத்தார். இன்னொருவர் அதை நூறால் பெருக்கினார். நுண்ணறிவு ஈவு என்னும் எண் இவ்வாறு பிறந்தது. மேற்சொன்ன பிள்ளைக்கு அது 75.

பினேயோ இந்த எண்ணை ஒரு தீர்ப்பாகக் கருதவே இல்லை. அறிவு மாறாத அளவுடையது, அதைக் கூட்ட முடியாது என்போரை 1909இல் எழுதிய நூலில் அவர் வன்மையாகக் கண்டித்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கவனத்தையும் நினைவையும் வளர்க்கும் பயிற்சிகளையும் வகுத்தார். 1911இல் இறந்துவிட்டமையால், தம் கோல் கடல் கடந்து சென்று என்ன ஆயிற்று என்பதைக் காணும் துன்பம் அவருக்கு நேரவில்லை.

அமெரிக்காவில் அதை ஏற்றவர்கள் அது பிறவியறிவை அளப்பதாகக் கொண்டனர். நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில், ஹென்றி காடர்டு என்பவரின் உதவியாளர்கள் குடியேற வந்தோரைச் சோதித்தனர். கப்பலில் கடைநிலை வகுப்பில் பல நாள் நெருக்குண்டு, மொழி தெரியாத நாட்டில் இறங்கி, பலர் வாழ்நாளில் எழுதுகோலே பிடித்திராத ஏழைகள். 1917இல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்ட இத்தாலியர், யூதர், அங்கேரியர், இரஷியர் ஆகியோருள் ஐந்தில் நான்கு பங்கினர் மந்தபுத்தியினராம்! அளவுகோல் இத்தகைய விடை தந்தால் அறிவுடையவன் முதலில் அளவுகோலையன்றோ ஐயுற வேண்டும்? அவர்கள் மக்களை ஐயுற்றனர்.

முதல் உலகப் போரின்போது பதினேழு இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்க்கு இத்தகைய சோதனை நடந்தது. கிரிஸ்கோ என்பது மருந்தா, பற்பசையா, உணவுப்பொருளா என்பது ஒரு வினா. அது சமையல் கொழுப்பின் வணிகப் பெயர். படிப்பறியாதவர்க்கென அமைந்த படத்தேர்விலோ வலையில்லாத டென்னிஸ் ஆடுகளம் வந்தது. நம்மூர்க் கடற்கரைச் சிற்றூரில் வலை என்றால் மீன்வலை. டென்னிஸ் வலையைக் காணாதவனுக்கு அதில் என்ன குறை தெரியும்? அந்நாட்டில் நெடுநாள் வாழ்ந்தவர்கள் மிகுந்த மதிப்பெண் பெற்றனர் என்பதும் புள்ளிவிவரத்திலேயே இருந்தது. அந்நாட்டுப் பழக்கத்தையே தேர்வு அளக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆயினும் கார்ல் பிரிகாம் என்பவர் 1923இல் எழுதிய நூலில், பிந்தி வந்தவர்கள் பிறப்பிலேயே தாழ்ந்தவர்கள் என்று அதற்குப் பொருள் கண்டார். மறு ஆண்டே குடியேற்றத்தைக் கடுமையாகக் குறைக்கும் சட்டம் வந்தது. சோதனை மட்டுமே அச்சட்டத்தை உருவாக்கியதென்று கூறுவது மிகை. ஆயினும் கதவை அடைக்க விரும்பியவர்க்கு அது கைக்கோலாயிற்று. 1930இல் பிரிகாம் தம் முடிவுகள் ஆதாரமற்றவை என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார். சட்டமோ நெடுங்காலம் நிலைத்தது.

வர்ஜீனியா மாநிலத்துக் கேரி பக் என்னும் பெண்ணின் கதையை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று. வளர்ப்புப் பெற்றோரின் உறவினன் ஒருவனால் கெடுக்கப்பட்டு, பதினேழாம் வயதில் ஒரு பெண்மகவை ஈன்றாள். குற்றத்தை மறைக்கவோ என்னவோ, அவளை மந்தபுத்தியினர்க்கான காப்பகத்திற்கு அனுப்பினர். பினேயின் வழிவந்த சோதனை அவளுக்கு ‘மன வயது ஒன்பது’ என்றது. அவள் தாயும் அங்கேயே அடைபட்டிருந்தாள். ஏழு மாதக் குழந்தை விவியனைப் பார்த்துவிட்டு, அதுவும் இயல்பாக இல்லை என்று ஒரு பெண் சாட்சி சொன்னாள். மூன்று தலைமுறை போதும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1927இல் எட்டு நீதிபதிகளின் முடிவாகத் தீர்ப்பளித்தது. கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. மறுத்து நின்ற ஒரே நீதிபதி பியர்ஸ் பட்லர், அவர் கத்தோலிக்கர். குழந்தை விவியனோ பள்ளியில் நன்கு படித்தாள். 1931இல் சிறந்த மாணவியர் பட்டியலில் அவள் பெயர் இடம்பெற்றது. எட்டாம் வயதில் நோயுற்று இறந்தாள். அந்நாட்டில் இவ்வாறு கருத்தடை செய்யப்பட்டோர் அறுபதாயிரத்துக்கும் மேல்.

1930ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் திருமணம் பற்றி விடுத்த சுற்றுமடலில், குற்றமேதும் செய்யாத குடிமக்களின் உடல்மீது அரசுக்கு நேரடி அதிகாரம் இல்லை என்று இக்கொடுமையைக் கண்டித்தார். படித்தவர் உலகம் இதனை முன்னேற்றம் என்று புகழ்ந்துகொண்டிருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்க.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். சிரில் பர்ட் என்பார் தம் உளவியற் பணிக்காக ‘சர்’ பட்டம் பெற்ற பெரியவர். பிறந்தவுடன் பிரிந்து வேறு வேறு வீடுகளில் வளர்ந்த ஒத்த இரட்டையரை ஆராய்ந்து, அறிவு பெரும்பாலும் பரம்பரையால் வருவதென்று நிறுவியதாகக் கூறினார். 1955இல் 21 இணைகள். 1966இல் 53 இணைகள். இரட்டையரிடையே உள்ள ஒப்புமையைக் காட்டும் எண் இரண்டு முறையும் 0.771. இணைகள் இரு மடங்குக்கு மேல் பெருகியும் மூன்றாம் பதின்மப் புள்ளிகூட அசையவில்லை! கணக்கில் இது நடப்பது மிக அரிது. பர்ட் 1971இல் இறந்தார். 1974இல் லியோன் காமின் என்னும் உளவியலார் இதனை வெளிப்படுத்தினார். பர்ட்டின் உதவியாளர் எனக் குறிக்கப்பட்ட இரு பெண்களைத் தேடிய இதழாளர் ஒருவர், அவர்களைக் காணோம் என்று 1976இல் எழுதினார். பர்ட்டுக்காகப் பரிந்து எழுதியோரும் பின்னர் உண்டு. ஆயினும் அந்த எண்களை எவரும் சான்றாகக் கொள்வதில்லை. இது அறிவியலின் தோல்வி என்போர் ஒன்றை மறக்கின்றனர். பொய்யைக் கண்டுபிடித்தவர் நீதிபதியோ குருவோ அல்லர், மற்றோர் உளவியலார். ஆனால் அதுவரை அந்த எண்ணைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எத்தனை பேர் வாளாவிருந்தனர் என்பதும் உண்மையே.

உளவியலின் ஏனைய துறைகளிலும் இத்தகைய தணிக்கை நடந்துள்ளது. 2015இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி, இதழ்களில் வெளிவந்த நூறு ஆய்வுகளை மறுபடியும் செய்து பார்த்தனர். நூற்றுக்கு 36 அளவிலேயே முதல் முடிவு உறுதிப்பட்டது. வெட்கத்திற்குரிய எண்தான். ஆனால் தம் துறையின் வெட்கத்தைத் தாமே எண்ணி அச்சிடுவோரைப் போலி அறிவியலார் என்று சொல்ல நமக்கு மனமில்லை. சோதிடர் எவரும் இவ்வாறு செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

சோதனையால் நன்மையே இல்லையா? உண்டு. 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் அமெரிக்க மருத்துவர், சிறுவர்களின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து அவற்றிலுள்ள ஈயத்தை அளந்தார். நோய்க்குறி ஏதுமின்றியே, ஈயம் மிகுந்த பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் குறைந்திருந்தது. இத்தகைய ஆய்வுகள் பெட்ரோலில் ஈயம் கலப்பதை நிறுத்தத் துணைசெய்தன. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு அது நின்றது. எண்ணால் குழந்தையை ஒதுக்காமல், குழந்தையைக் கெடுக்கும் நஞ்சைக் கண்டுபிடித்தனர். பினே கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது? இன்றைய முறையில் ஒரே வயதினரின் சராசரிக்கு 100 என்று பெயரிடுகின்றனர். மூவரில் இருவர் 85க்கும் 115க்கும் இடையே அமைவர். ஆகவே அது வெப்பமானியின் அளவு போன்றதன்று. வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதைப் போன்றது. 120 பெற்றவன் 60 பெற்றவனைவிட இரு மடங்கு அறிவாளி என்பது பொருளற்ற பேச்சு. பள்ளி மதிப்பெண்ணை முன்னறிய இந்த எண் ஓரளவு உதவுகின்றது. அதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால் அது கல்லில் எழுத்தும் அன்று. ஜேம்ஸ் பிளின் என்னும் அறிஞர் 1984இலும் 1987இலும் காட்டியபடி, பல நாடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் உயர்ந்தே வந்துள்ளது. சில நாடுகளில் பத்தாண்டுக்கு மூன்று புள்ளி. இரண்டு தலைமுறைக்குள் குருதி மாறிவிடுமோ? உணவும் பள்ளியும் வாழ்க்கைமுறையும் மாறின.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் அத்தகைய தாளுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். மகனுக்கு 68. “சாமி, இவன் இவ்வளவுதானா?” என்பதே அவருடைய ஒரே கேள்வி. அதே எண்ணை வேறொரு நாளில் வேறொருவர் எடுத்திருந்தால் 63ஆகவோ 73ஆகவோ வந்திருக்கலாம் என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. 71 பெற்றிருந்த ஒரு மரண தண்டனைக் கைதியின் வழக்கில், 70 என்னும் கோட்டை அப்படியே பிடித்துக்கொண்டு தீர்ப்பிடலாகாது என்று 2014இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கூறியது. கேரி பக்கைக் கைவிட்ட அதே மன்றம்தான்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. பிள்ளை தானே உடுத்துகிறதா, கடைக்குச் சென்று வருகிறதா என்பன போன்ற அன்றாடத் திறன்களையும் சேர்த்தே அறிவுசார் குறைபாட்டை வரையறுக்கின்றது. சான்றிதழ் கிடைத்தால் உதவித்தொகையும் சலுகைகளும் உண்டு. ஆகவே அஞ்சிச் சோதனைக்குச் செல்லாதிருப்பதும் பிள்ளைக்கு இழப்பே. அந்தத் தாயிடமும் இதனையே கூறினோம்.

செல்லும்போது கேட்கவேண்டியவை சில உண்டு. பிள்ளையின் கண்ணையும் காதையும் முதலில் மருத்துவரிடம் காட்டியாயிற்றா? வினாக்கள் அவன் வீட்டில் பேசும் தமிழில் கேட்கப்பட்டனவா? நம் நாட்டில் இன்றும் பயன்படும் பினே–காமத் சோதனை, வி. வி. காமத் என்பார் தார்வாரில் கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்கென முதலில் அமைத்தது; அதைப் பற்றிய அவருடைய நூல் 1940இல் வெளிவந்தது. ஆகவே எந்தச் சோதனை, அதன் ஒப்பீட்டு அளவு எந்த ஆண்டினது என்று கேட்பதில் நாணம் வேண்டா. அன்று பிள்ளைக்குக் காய்ச்சலோ உறக்கக் குறைவோ இருந்தால் வேறு நாள் கேளுங்கள். எந்தப் பகுதியில் நன்றாகச் செய்தான், எதில் தடுமாறினான் என்பதைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். வகுப்பாசிரியருக்குப் பயன்படுவது மொத்த எண் அன்று, அந்தக் குறிப்பே. பெரியவர்களுக்கு நிறுவனங்கள் சோதனை வைக்கும்போது, அவர்தம் இசைவின்றி உள்ளத்தின் அந்தரங்கத்தைத் துருவலாகாது என்று திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1958 ஏப்ரலில் உரோமையில் உளவியலார் மாநாட்டிலேயே எடுத்துரைத்தார். பிள்ளைகளுக்காக அந்த இசைவைத் தரவேண்டியவர்கள் பெற்றோரே. தாளின் ஒரு படியை வீட்டிலும் பத்திரமாக வையுங்கள். ஈராண்டு கழித்து மறுசோதனை செய்யும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.