மூடிய முற்றமும் மூன்று மாதப் பிளாஸ்டிக் துண்டும்

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரில் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடையைப் புதுப்பிக்கிறாராம். கிரானைட் மேசை போட வேண்டாம், அதிலிருந்து ரேடான் வாயு கசியும், புற்றுநோய் வரும் என்று ஒருவர் வந்து பயமுறுத்திவிட்டு, கையோடு ஒரு மீட்டரையும் விற்கப் பார்த்தாராம். கல்லின் மேல் வைத்ததும் மீட்டர் டிக் டிக் என்று அடித்ததாம். "இது உண்மையா?" என்று கேட்கிறார்.

மீட்டர் அடித்தது உண்மை. ஆனால் அது ரேடானை அளக்கவில்லை. கல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம், தோரியம், யுரேனியம் ஆகியவற்றிலிருந்து வரும் காமாக் கதிரைத்தான் எண்ணியது. எந்தக் கிரானைட்டிலும் அது கொஞ்சம் இருக்கும். ரேடான் ஒரு வாயு. மெருகேற்றிய பலகையில் உண்டாகும் ரேடானில் பெரும்பகுதி கல்லின் படிகங்களுக்குள்ளேயே சிக்கி, அங்கேயே சிதைந்துவிடுகிறது. மேசையைத் தாராளமாகப் போடலாம். எனக்குக் கவலை தருவது அவர் கடிதத்தின் கடைசி வரி. நடு முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு மூடி, கீழ்த்தளம் முழுவதற்கும் ஏர்கான் மாட்டப் போகிறாராம்.

ஏன் என்று சொல்வதற்கு முன், ரேடான் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ரேடானை நாம் இழுத்து அப்படியே வெளியே விட்டுவிடுகிறோம். கெடுதல் அது சிதைந்து உண்டாகும் வாரிசுகளிடமிருந்து வருகிறது. பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்ற அந்த உலோக அணுக்கள் தூசியில் ஒட்டி, நுரையீரலின் உள்சுவரில் படிகின்றன. அங்கிருந்தபடியே பொலோனியம் ஆல்பாத் துகள்களை வீசுகிறது. நுரையீரல் புற்றுநோய்களில் 3 முதல் 14 சதவீதம் வரை ரேடானால் வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. புகைபிடிப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. வீட்டில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கரல் என்பதை அந்த நிறுவனம் இலக்காக வைத்தது. அது முடியாத நாடுகளும் 300-ஐத் தாண்டக் கூடாது என்று 2009-இல் சொன்னது.

100 பெக்கரல் என்றால் நொடிக்கு 100 அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். கணக்குப் போட்டால், அந்தக் கன மீட்டரில் இருக்கும் ரேடான் அணுக்கள் மொத்தம் 5 கோடிக்கும் குறைவு. காற்று மூலக்கூறுகளோ 25-க்குப் பின்னால் 24 சுழி போட வேண்டிய எண்ணிக்கை. இவ்வளவு பெரிய கூட்டத்தில் இவ்வளவு சிறிய பங்கை எந்த வேதியியல் சோதனையாலும் பிடிக்க முடியாது. ஆனாலும் சில வெள்ளி பெறுமான ஒரு பிளாஸ்டிக் துண்டு அதைப் பிடித்துவிடுகிறது. இருக்கும் அணுக்களை விட்டுவிட்டு, சாகும் அணுக்களை அது எண்ணுகிறது.

அதன் பெயர் சிஆர்-39. மூக்குக் கண்ணாடி வில்லை செய்கிற அதே பிளாஸ்டிக். நகத்தளவு துண்டை ஒரு சிறு டப்பிக்குள் வைத்து அறையில் விட்டுவிடுவார்கள். டப்பியின் வாயில் உள்ள வடிதாள் தூசியையும் வாரிசு அணுக்களையும் நிறுத்திவிட்டு, ரேடானை மட்டும் உள்ளே விடும். உள்ளே ஓர் அணு சிதைந்தால் ஆல்பாத் துகள் சில சென்டிமீட்டர் பாய்ந்து பிளாஸ்டிக்கில் முட்டும். போகிற வழியில் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டு போகும். அந்தத் தழும்பு சாதாரண நுண்ணோக்கிக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது. மூன்று மாதம் கழித்துத் துண்டை எடுத்து, 70 டிகிரிச் சூட்டில் காஸ்டிக் சோடாக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைப்பார்கள். சோடா பிளாஸ்டிக் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். சங்கிலி அறுந்த இடத்தில் மட்டும் வேகமாக அரிக்கும். ஒவ்வொரு தழும்பும் ஒரு கூம்புக் குழியாக அகலும். இப்போது நுண்ணோக்கியில் பார்த்தால் தோசைக்கல்லிலிருந்து அப்போதுதான் எடுத்த தோசை. கண் கண்ணாகக் குழிகள்.

இந்தத் தோசையை இன்னும் கொஞ்சம் தின்னலாம். ஒவ்வொரு கண்ணும் ஒரு குமிழி செத்த இடம். கண்களை எண்ணினால் மாவு எவ்வளவு பொங்கியிருந்தது என்று சொல்லிவிடலாம். நேராக மேலே வந்த குமிழி வட்டக் கண்ணை விடும், சாய்ந்து வந்தது நீள்வட்டத்தை விடும். ஆல்பாத் துகளும் அப்படியே. குழியின் வடிவிலிருந்து அது எந்தக் கோணத்தில் வந்தது என்று படிக்க முடியும். மாவு அளவுக்கு மீறிப் புளித்தால் கண்கள் ஒன்றோடொன்று கலந்து எண்ண முடியாமல் போகும். அதிக ரேடான் உள்ள சுரங்கத்தில் துண்டை நெடுநாள் விட்டாலும் அதே கதிதான். அறையில் வைக்காத துண்டிலும் நாலைந்து கண்கள் இருக்கும், புளிக்காத மாவிலும் இருப்பதைப்போல. அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு. ஒளியோ காமாக் கதிரோ இந்தப் பிளாஸ்டிக்கில் குழி விடுவதில்லை. அதனால்தான் கிரானைட் மேசைமேல் வைத்தாலும் அது பதறுவதில்லை. நம் ஊர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையினர் ரேடான் ஆய்வுகளில் பல காலமாக இதைத்தான் கையாண்டு வருகிறார்கள்.

பத்து நிமிடத்தில் எண் காட்டும் கருவிகளை நான் நம்பாததற்கும் காரணம், சாகும் அணுக்களைத்தான் எண்ண வேண்டியிருக்கிறது என்பதே. உள்ளே கால் லிட்டருக்கும் குறைவாக, 200 மில்லி காற்றுப் பிடிக்கும் கருவியை வைத்துக்கொள்வோம். அறையில் கன மீட்டருக்கு 20 பெக்கரல் இருந்தால், பத்து நிமிடத்தில் அதற்குள் சிதையும் ரேடான் அணுக்கள் இரண்டோ மூன்றோதான். அடுத்த பத்து நிமிடத்தில் ஐந்து வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். நல்ல மின்னணுக் கருவிகளும் உண்டு, ஆனால் அவையும் வாரக்கணக்கில் ஓடினால்தான் சொல்வதில் அர்த்தம் இருக்கும். உடனடி எண்ணைக் காட்டிப் பணம் கேட்பவர் பயத்தை விற்கிறார். புக்கிட் மேராவில் தோரியக் கழிவுக்கு எதிராக மக்கள் நீதிமன்றம் வரை போராடிய நாடு இது. அவர்களுடைய அச்சத்துக்கு நியாயம் இருந்தது. அந்த நினைவை வைத்து வியாபாரம் செய்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வரலாறு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 1900-இல் ஜெர்மானியர் டோர்ன் ரேடியத்திலிருந்து வாயு வருவதைக் கண்டார். ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய் அதற்கு முன்பே தெரிந்ததுதான். வீட்டுக்குள்ளும் ஆபத்து உண்டு என்று அமெரிக்கர்கள் விழித்துக்கொண்டது 1984 டிசம்பரில். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், இன்னும் மின்சாரம் தயாரிக்கத் தொடங்காத ஓர் அணுமின் நிலையத்தில் பொறியாளர் ஸ்டான்லி வாட்ராஸ் எச்சரிக்கை மணியை ஒலிக்க வைத்தார். கதிரியக்கத் தூசி அவர் வீட்டிலிருந்து வந்திருந்தது. அங்கே அளவு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,00,000 பெக்கரல்.

அந்த வீட்டோடு லெபோ பாசாரை ஒப்பிடக் கூடாது. குளிர்நாட்டில் சூடேற்றிய காற்று மேலே எழுந்து கூரை வழியே போகிறது. அந்த இழுப்பில் நிலவறையின் விரிசல்கள் மண்ணுக்குள் இருக்கும் வாயுவை உறிஞ்சுகின்றன. நமக்கு நிலவறையும் இல்லை, சூடேற்றுவதும் இல்லை. கொடிமலையும் தீவின் நடுப்பகுதியும் கிரானைட்தான், ஆனால் பழைய நகரம் கடலோரப் படிவு மண்ணில் நிற்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம் கடைவீட்டின் அமைப்பு. குறுகிய முகப்பு, நீண்ட உடல், இரு பக்கமும் அண்டை வீட்டோடு ஒட்டிய சுவர், பக்கவாட்டில் ஒரு சன்னல்கூடக் கிடையாது. காற்றுக்கு வழி ஐந்தடி நடைபாதைப் பக்கம், பின்கட்டு, நடுவில் வானம் பார்த்த முற்றம். முற்றம் திறந்திருக்கும்வரை ரேடான் பெரிதாகத் தேங்க வழியில்லை.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டு 2000-இல் முழுவதுமாக ஓய்ந்த பிறகு, 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் ஏறிய பிறகு இன்னும் வேகமாக, இந்தக் கடைவீடுகள் விடுதிகளாகவும் காப்பிக்கடைகளாகவும் மாறிவருகின்றன. முதலில் மூடப்படுவது பெரும்பாலும் முற்றம்தான். வீட்டு ஏர்கான் உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. மணிக்கு 4 முறை காற்று மாறும் அறையில் தரையும் சுவரும் 5 பெக்கரல் கூட்டுகின்றன என்று கொள்வோம். காற்று மாறுவது 0.4 முறையாகக் குறைந்தால் அதே தரையும் அதே சுவரும் 50 பெக்கரல் கூட்டும். கல்லும் மண்ணும் மாறவில்லை. கூரை மட்டும்தான் மாறியது.

ஆகவே வாசகருக்கு: கண்ணாடிக் கூரை வேண்டுமென்றால் அதை ஒன்றரை அடி உயர்த்திப் போடுங்கள், நான்கு பக்கமும் சாய்பலகை வைத்துக் காற்றுக்கு வழி விடுங்கள். மழை வராது, காற்று வரும். அடைத்த அறைக்கு வெளியேற்றும் விசிறி மட்டும் மாட்டாதீர்கள். காற்று உள்ளே வர வழி இல்லையென்றால் அது தரை விரிசலிலிருந்து இழுக்கும். உள்ளே தள்ளும் விசிறியே நல்லது. தரை முழுவதையும் சிமெண்டால் அடைத்துவிடலாமே என்று மேஸ்திரி சொல்வார். ரேடானுக்கு அது சரி, ஆனால் சுண்ணாம்புச் சுவருக்குக் கேடு. ஓடு பதித்த தரை வழியாக ஆவியாகிக்கொண்டிருந்த நிலத்து ஈரம் போக்கிடமின்றிச் சுவரில் ஏறும். விரிசலையும் குழாய் நுழையும் ஓட்டைகளையும் மட்டும் அடைத்தால் போதும்.

வேலை முடிந்ததும் சிஆர்-39 டப்பி ஒன்றைக் கீழ்த்தளத்தில், அதிக நேரம் ஆள் இருக்கும் அறையில், உட்கார்ந்தவரின் மூக்கு உயரத்தில் வையுங்கள். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி இருக்கட்டும். ரேடானின் உடன்பிறப்பான தோரானுக்கு அரை ஆயுள் 56 நொடிதான். அது சுவரை ஒட்டியே செத்துவிடும், அதை எண்ணினால் கணக்குப் பிசகும். 100-க்குக் கீழ் வந்தால் வேறொன்றும் செய்ய வேண்டாம். 300-ஐத் தாண்டினால் தரைக்கடியில் ஒரு குழாயைச் செருகி, விசிறியால் மண்வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடும் ஏற்பாடு உண்டு. பல நாடுகளில் நன்றாகவே வேலை செய்கிறது. டப்பி இருக்கும் மூன்று மாதமும் கடை வழக்கம்போல நடக்கட்டும், ஏர்கான் வழக்கம்போல ஓடட்டும். அளவு குறைவாக வரட்டுமே என்று யாரும் கதவைத் திறந்து வைக்க வேண்டாம்.