இப்பம் என்ன தட்டு ஓடுது?

பழைய இசைத்தட்டுகளில் மோகம் கொண்டவர்கள் எங்கள் பக்கத்தில் ஒருவரையொருவர் காணும்போது, க்ஷேமலாபங்களை விசாரிப்பதற்கு முன்பாகவே, “அண்ணாச்சி, இப்பம் என்ன தட்டு ஓடுது?” என்று கேட்டுவிடுவது வழக்கம். மண்டைக்காட்டில், பகவதி அம்மன் கோயிலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு வீட்டின் முன்னறையில் மாலை வேளைகளில் கூடும் சில நண்பர்களிடையே இக்கேள்விக்குக் கிடைக்கும் விடைகள், மாசிக் கொடையையும் இருமுடி சுமந்து வரும் பெண்களின் திரளையும் கொண்டு மாத்திரம் இவ்வூரை அறிந்தவர்களுக்கு ஆச்சரியத்தை விளைவிக்கக்கூடும். ஒருவர், 1928இல் லூயி ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ என்பார். மற்றொருவர், சக் பெரி 1955இல் பாடிய ‘மேபெலீன்’ என்பார். மூன்றாமவரோ டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’ என்று சொல்லிக்கொண்டே தட்டை உறையிலிருந்து எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

இந்தச் சங்கீதம் நமக்கு அந்நியமானது, நாகஸ்வரத் தட்டுகளே கேட்பாரற்றுக் கிடக்கும்போது இது எதற்கு என்று கருதுவோர் உண்டு. அவர்கள் ஆதங்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆயினும், 1917இல் வெளிவந்த முதல் ஜாஸ் தட்டு தொடங்கி, 1950களில் வினைல் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் வரையில், நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற அத்தட்டுகளைக் கெட்டிப்படுத்தி நின்ற பொருள், பெரும்பாலும் இந்தியக் காடுகளின் பலாச மரக் கிளைகளில் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரந்த அரக்கு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1942இல் யுத்தத்தினால் கீழ்த்திசைச் சரக்குகள் அருகியபோது, இசைத்தட்டுகளுக்குச் செலவாகும் அரக்கின் அளவை அமெரிக்க அரசாங்கம் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டுகளை ஜனங்களிடமிருந்து திரும்பப் பெற்று, உடைத்து, புதிய தட்டு வார்க்கவும் நேர்ந்தது.

சரக்கு இங்கிருந்து போயிற்று. சங்கீதம் வான்வழியே வந்து சேர்ந்தது. மண்டைக்காட்டிலிருந்து சென்னைக்கு உள்ள தூரத்தில் ஏறத்தாழப் பாதிதான் கொழும்புக்கு உள்ள தூரம். 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிய இலங்கை வானொலி, 1952க்குப் பின் நம் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளுக்கு இடம் மறுத்திருந்த காலத்தில், இந்தியா முழுவதற்குமே பாட்டுப் பெட்டியாக விளங்கியது யாவரும் அறிந்ததே. அதன் ஆங்கில ஒலிபரப்பின் வாயிலாக மேல்நாட்டு மெல்லிசையும் ராக் அண்ட் ரோலும் இக்கரை வீடுகளுக்குள் புகுந்தன என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. 1955 முதல் அமெரிக்க வானொலியின் சிற்றலையில் வில்லிஸ் கோனோவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியோ, அயல்நாட்டார்க்கும் விளங்கும்படி நிறுத்தி நிதானமாகப் பேசும் அவருடைய குரலுக்காகவே பல தேசங்களில் அபிமானிகளைப் பெற்றிருந்தது.

1958ஆம் ஆண்டை நான் விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறேன். புரூபெக்கின் நால்வர் குழு அவ்வாண்டுதான் இந்தியாவுக்கு வந்து, சென்னையில் மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்துச் சென்றது. கர்நாடக ராகங்களைத் திரையில் உலவவிட்டுப் பெரும்புகழ் பெற்ற ஜி.ராமநாதன், ‘உத்தம புத்திரன்’ படத்தின் ‘யாரடி நீ மோகினி’ பாட்டில் ராக் அண்ட் ரோல் துள்ளலைப் புகுத்தியதும் அவ்வாண்டே. தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் பாலியத்தைக் கழித்து, குரலை உடைத்து உயர்த்தும் யோடலிங் என்னும் வித்தையைத் தமிழ்ப் பாட்டில் ஏற்றிய ஜே.பி.சந்திரபாபு, ‘பதிபக்தி’யில் ராக் அண்ட் ரோல் பாட்டே பாடினார். மறு ஆண்டில் வந்தது ‘டைம் அவுட்’. அதிலுள்ள ‘டேக் ஃபைவ்’ மூன்றும் இரண்டுமாகப் பிரியும் ஐந்து அட்சரத்தில் நடப்பது. இரண்டும் மூன்றுமான கண்ட சாபுவில் பழகிய நம் காதுக்கு, நாலு நாலாகவே எண்ணிப் பழகிய மேல்நாட்டாருக்கு நேர்ந்த திகைப்பு நேர்வதில்லை. முன்னறை நண்பர்களில் மிருதங்கம் பயின்ற ஒருவர், ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனியாவர்த்தனம் வரும்போது தம்மை அறியாமலே தொடையில் தாளம் போடத் தொடங்கிவிடுகிறார்.

என் மனத்தை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ‘டைம் அவுட்’ தட்டின் உறையைத் திருப்பினால், சாக்ஸபோன் பால் டெஸ்மண்ட், பாஸ் யூஜின் ரைட், டிரம்ஸ் மொரெல்லோ என்று வாசித்தவர் பெயரெல்லாம் கிடைத்துவிடுகின்றன. நம்முடைய 78 சுற்றுச் சினிமாத் தட்டுகளிலோ, படத்தின் பெயர், பாடியவர், இசையமைப்பாளர் என்ற அளவில் விவரம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அக்கார்டியனில் மங்களமூர்த்தி, டிரம்ஸில் நோயல் கிரான்ட் போன்ற சிலருடைய பெயர்கள், எம்.எஸ்.விஸ்வநாதனின் ரசிகர்கள் ஓயாமல் பேசிப் பேசியே தப்பிப் பிழைத்தன. ஆதிகால ஜாஸ் தட்டுகளுக்கும் இதே கதி நேர்ந்திருக்கும். தாம் கேட்டதைக் குறித்து வைத்து, பிறரோடு ஒப்பிட்டு, வாத்தியத்தின் தொனியைக் கொண்டே வாசித்த ஆளை நிர்ணயித்த ரசிகர்களுடைய உழைப்பினால்தான் சார்லஸ் டெலோனே 1936இல் பாரிஸில் ‘ஹாட் டிஸ்கோகிராஃபி’ என்ற தட்டுத் தொகுப்பு நூலை வெளியிட முடிந்தது. எந்தத் தட்டைக் கேட்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை வெறும் பொழுதுபோக்கு என்று நான் கருதாததற்குக் காரணம் இதுவே.

கைப்பேசியில் எல்லாப் பாட்டும் கிடைக்கிறதே என்று இளைஞர்கள் சொல்வது மெய்தான். ஆனால் பாட்டு கிடைக்கிற அந்த இடத்தில் தட்டின் எண்ணோ, ஆண்டோ, வாசித்தவர் பெயரோ பல சமயங்களில் கிடைப்பதில்லை. தட்டுகளோ உப்புக் காற்றில் நாள்தோறும் நலிகின்றன: காகித உறையில் பூஞ்சணம் பூக்கிறது, முள் துருப்பிடிக்கிறது, வீட்டை இடித்துக் கட்டும்போது பரண் சாமான்களோடு எடைக்குப் போய்விடுகின்றன. அக்கறையினால் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பவர்களும் உண்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும் என்பதால் அது தட்டையே அழிப்பதாகும். மெல்லிய சோப்பு நீர் போதும், ஒட்டுக் காகிதம் நனையாமல் பார்த்துக்கொண்டால். படுக்கைவசமாக அடுக்காமல் நிமிர்த்தி வைப்பதும் அவசியம்.

சென்னைப் பதிவுக்கூடங்களில் அக்காலத்தில் வாசித்தவர்களில் இன்று எஞ்சியிருப்பவர்கள் மிகவும் முதியவர்கள். அவர்களையோ அவர்கள் குடும்பத்தாரையோ அறிந்தவர்கள், தங்களிடமுள்ள தட்டை அவர்கள் முன்னிலையில் ஓடவிட்டு, இந்தக் கிட்டார் யாருடையது, இந்த டிரம்பெட் யாருடையது என்று கேட்டு, தட்டின் நடுவில் ஒட்டுக் காகிதத்தை அடுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும் பதிவு எண்ணோடு சேர்த்து இந்த வருஷமே எழுதி வைக்க வேண்டும். மண்டைக்காட்டு முன்னறையில் அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். சந்திரபாபுவின் தட்டுகளிலிருந்து அது தொடங்குகிறது.