மருந்தோடு சேரும் மூச்சு

மனச்சோர்வுக்குத் தரப்படும் முதல் மருந்திலேயே எல்லோரும் தேறிவிடுவதில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்ட ‘ஸ்டார்-டி’ ஆய்வில், முதல் மருந்தால் முழுமையாக மீண்டவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான். குறைந்தது இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் சாப்பிட்டும் நோய் தணியாவிட்டால், அது சிகிச்சைக்கு எளிதில் கட்டுப்படாத மனச்சோர்வு எனப்படுகிறது. மருந்தை மாற்றுவது, இன்னொன்றைச் சேர்ப்பது, உளவியல் சிகிச்சை, மின்அதிர்வுச் சிகிச்சை ஆகியவை அப்போது மருத்துவர் கையிலுள்ள வழிகள். இவற்றுக்குத் துணையாக யோகா பயன்படுமா என்ற கேள்வியைப் பல ஆய்வுகள் சோதித்துள்ளன.

அவற்றில் முக்கியமானது, அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு. மருந்து சாப்பிட்டும் மனச்சோர்வு நீங்காத 122 பேர் அதில் சேர்ந்தனர். ஒரு பிரிவினர் பத்து வாரம் ஹத யோக வகுப்புக்குச் சென்றனர். மற்றவர்கள் உடல்நலக் கல்வி வகுப்புக்குச் சென்றனர். இரு பிரிவினரும் மருந்தை நிறுத்தவில்லை. பத்தாவது வார முடிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதன் பின்னரே யோகப் பிரிவு முன்னேறியது. ஆறாவது மாதத்தில், நோய்க்குறிகள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் யோகப் பிரிவில் 51 சதவீதம், மற்றதில் 31 சதவீதம். யோகாவின் பலன் மெல்ல வரக்கூடும் என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில், எட்டு வாரத்துக்கு மேல் மருந்து எடுத்தும் போதிய பலன் காணாத 25 பேர் பங்கேற்றனர். இரண்டு மாதம் சுதர்சன கிரியா மூச்சுப் பயிற்சி செய்தவர்களுக்கு, மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் சராசரியாக 10 புள்ளி குறைந்தது. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களிடம் முன்னேற்றம் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2000இல் வெளியிட்ட ஆய்வோ யோகாவின் எல்லையைக் காட்டியது. கடும் மனச்சோர்வுற்ற 45 பேரில், நான்கு வாரத்தில் நோய் தணிந்தவர்கள் மின்அதிர்வுச் சிகிச்சையில் 93 சதவீதம், இமிப்ரமின் மருந்தில் 73 சதவீதம், சுதர்சன கிரியாவில் 67 சதவீதம். நோய் முற்றிய நிலையில் விரைந்து காப்பாற்றும் ஆற்றல் மின்அதிர்வுச் சிகிச்சைக்கே அதிகம்.

யோகா எப்படிப் பலன் தருகிறது? நிதானமாக இழுத்து, நீட்டி விடும் மூச்சு வேகஸ் நரம்பைத் தூண்டி இதயத் துடிப்பைத் தணிக்கிறது. மனச்சோர்வில் பலருக்கு மிகுந்திருக்கும் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன், யோகா செய்த நோயாளிகளிடம் குறைந்ததை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கண்டனர். மூளையை அமைதிப்படுத்தும் ‘காபா’ என்ற வேதிப்பொருள், பயிற்சி பெற்றவர்களிடம் ஒரு மணி நேர யோகாவுக்குப் பின் 27 சதவீதம் உயர்ந்ததாக 2007இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். ஆனால் அதில் யோகா செய்தவர்கள் எட்டே பேர். அவர்கள் நோயாளிகளும் அல்லர்.

சான்றுகளின் எல்லையையும் மறக்கக் கூடாது. ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. யோகா செய்கிறோம் என்பது செய்பவருக்குத் தெரியும் என்பதால், நம்பிக்கையின் பங்கைப் பிரித்தறிவது கடினம். கனடாவின் 2016ஆம் ஆண்டு சிகிச்சை வழிகாட்டி, மிதமான மனச்சோர்வு வரையில்தான் யோகாவைத் துணைச் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது.

பயிற்சியை நோயாளியின் நிலைக்கேற்பத் தொடங்க வேண்டும். படுக்கையை விட்டு எழவே முடியாதவரிடம் சூரிய நமஸ்காரம் கேட்பது கொடுமை. படுத்தபடியோ நாற்காலியில் அமர்ந்தோ பத்து நிமிட மூச்சுப் பயிற்சியில் தொடங்கி, உடல் தேறத் தேற ஆசனங்களைச் சேர்க்கலாம். கூடவே ஒருவர் அமர்ந்து செய்தால் பயிற்சி விட்டுப்போகாது. மனஎழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு உள்ளவர்களுக்குக் கபாலபாதி போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள் எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும். வலிப்பு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அவற்றைத் தவிர்க்க வேண்டும். நலம் தெரிந்தாலும், மருந்தைக் குறைப்பது மனநல மருத்துவரின் முடிவாகவே இருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் எழுந்தால் யோகாவின் பலனுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்தியாவில் டெலி மனாஸ் இலவச மனநல உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது.