சுவருக்கு ரெண்டு பக்கம் இருக்கு பாஸ்!

யார் எங்கே கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம்னு சொல்ற விதிப் புத்தகத்தை என்னிக்காவது புரட்டியிருக்கீங்களா?

ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதிக்காம டிகிரி முடிச்சவங்க மட்டும் கை தூக்குங்க பார்க்கலாம்! ம்ஹூம்... ஒரு கையும் தெரியலையே!

அந்தச் சுவர்ல எந்த இடத்துல செங்கல் பெயர்ந்திருக்கு, எங்கே கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவீங்க. இப்போ கொஞ்சம் கஷ்டமான கேள்விகள். அதை அவ்வளவு உயரத்துக்குக் கட்ட யார் அனுமதி கொடுத்தாங்க? ஒரு வாரம் விடாம மழை பெய்ஞ்சா அது எந்தப் பக்கம் சாயும்? சாயற பக்கத்துல யார் குடியிருக்காங்க?

'இதெல்லாம் சிவில் டிபார்ட்மென்ட் பசங்க கவலை'ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இது உங்க ஊர் கதை.

17 உயிர்கள்

மேட்டுப்பாளையம் தெரியும்தானே? ஊட்டி மலை ரயில் புறப்படுகிற ஊர். பவானி ஆறு, உருளைக்கிழங்கு மண்டி, பின்னால் நீலகிரி. 2019 டிசம்பர் 2, விடியற்காலை. தொடர்ந்து மழை. நடூர் பகுதியில் ஒரு பங்களாவின் 20 அடி உயர சுற்றுச்சுவர் சரிந்து, ஒட்டியிருந்த சின்னச் சின்ன வீடுகள் மேல் விழுந்தது. உள்ளே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 17 பேர் இறந்துபோனார்கள். 17 பேருமே தலித் மக்கள். பறிகொடுத்த மகன், மகள் ரெண்டு பேரின் கண்களையும் தானமாகக் கொடுத்தார் ஒரு அப்பா.

சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று முன்பே புகார் சொல்லியிருந்ததாக அங்கிருந்த மக்கள் சொன்னார்கள். 'பாதுகாப்புக்குக் கட்டினது இல்லை, எங்களைத் தள்ளி வைக்கக் கட்டினது' என்றும் சொன்னார்கள். தீண்டாமைச் சுவர் என்றே பல இயக்கங்கள் அதை அழைத்தன. 'அப்படியும் இருக்குமா?' என்று கேட்பவர்கள் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தை நினைத்துப் பார்க்கலாம். அங்கே ஊரை ரெண்டாகப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6-ல் மாவட்ட நிர்வாகமே இடித்து வழி திறந்துவிட்டது.

மேட்டுப்பாளையம் மட்டும் இல்லை. 2014 ஜூலையில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் இடிந்து கட்டடத் தொழிலாளர்கள் 11 பேர் பலி. 2019 ஜூனில் புனேவில் ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர் சரிந்து 15 பேர் பலி. ஊர் மாறுது, மாநிலம் மாறுது. மழை, சுவர், அதன் அடிவாரத்தில் குடிசை... இந்த மூணும் மாறலை.

ஒரு சின்ன கணக்கு

பயப்படாதீங்க, அரியர் விழாது! பொதுவான கணக்குதான். ஒரு சுவருக்குப் பின்னால் முழு உயரத்துக்கும் மண் நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே போகப் போக மண்ணின் அழுத்தம் கூடும். அதனால் சுவரைத் தள்ளுகிற மொத்த விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கவிழ்க்கிற திருப்புத்திறனோ உயரத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது, 5 அடிச் சுவரை 10 அடியாக்கினால் தள்ளுகிற விசை 4 மடங்கு, கவிழ்க்கிற திறன் 8 மடங்கு. 20 அடியாக்கினால்? விசை 16 மடங்கு, கவிழ்க்கிற திறன் 64 மடங்கு! உயரம் 4 மடங்குதானே ஏறிச்சுன்னு மேஸ்திரி நினைப்பார். இயற்பியல் அப்படி நினைக்காது.

இதில் மழைத் தண்ணீரும் சேர்ந்தால் மண்ணோடு தண்ணீரும் தள்ளும். தண்ணீர் வெளியேற சுவரில் 'வீப் ஹோல்' என்கிற துளைகள் விடுவது அதற்குத்தான். பத்து ரூபாய் பைப் துண்டு செய்கிற வேலை அது.

மண்ணே இல்லை, சும்மா நிற்கிற சுவர்தான் என்றாலும் காற்று இருக்கிறது. செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி 'ஐ.எஸ். 1905', தனியாக நிற்கும் சுவரின் உயரம் அதன் தடிமனைப் போல எத்தனை மடங்கு இருக்கலாம் என்று சொல்கிறது. காற்று குறைந்த இடத்தில் 10 மடங்கு. காற்று கூடக்கூட அது 7, 5, 4 என்று இறங்கும். நம்ம ஊரில் சகஜமான 9 இஞ்ச் சுவரை எடுத்துக்கொண்டால், நல்ல இடத்திலேயே ஏழரை அடிதான் கணக்கு. உங்க தெருவில் ஒரு நடை போய்ப் பாருங்க, எத்தனை சுவர் பாஸ் மார்க் வாங்குதுன்னு!

காகிதத்தில் ஒரு கோடு

சுவர் தரையில் போடுகிற கோடு. இன்னொரு கோடு காகிதத்தில் இருக்கிறது. அதன் பெயர் மண்டலம், அதாவது 'ஜோன்'. ஊர் வரைபடத்தில் வழக்கமாகக் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை என்று வண்ணம் பூசியிருப்பார்கள். நீங்க படிப்பு முடிச்சு வீட்டு மாடியில் ஒரு சின்ன கம்பெனி ஆரம்பிக்கலாமா, உங்க வீட்டுக்குப் பக்கத்தில் சாயப்பட்டறை வரலாமா என்பதையெல்லாம் அந்த வண்ணம்தான் முடிவு பண்ணுது.

இந்த விஷயத்தில் உலகப் புகழ் வாங்கின ஒரு சின்ன ஊர் உண்டு. பெயர் யூக்ளிட். ஆமா, ஜாமெட்ரி யூக்ளிட்தான்! அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அந்த நிலத்தை அளந்த சர்வேயர்கள் தங்கள் குருநாதர் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள். அந்த ஊர் 1922-ல் மண்டல விதி போட்டது. ஒரு நில நிறுவனம் எதிர்த்து வழக்குப் போட, 1926-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு அமெரிக்கா முழுக்க இந்த விதி பரவியது.

ஆனா, அந்தத் தீர்ப்புக்கு இன்னொரு முகமும் இருக்கு. தனி வீடுகள் இருக்கிற பகுதியில் வருகிற அபார்ட்மென்ட்டை 'ஒட்டுண்ணி' என்று அது வர்ணித்தது. 'தனி வீடு மட்டும்' என்று விதி போட்டால் என்ன நடக்கும்? தனி வீடு வாங்க வசதி இல்லாதவர் அந்தத் தெருவுக்கே வர முடியாது. ஒரு செங்கல்கூட வைக்காமல் கட்டின சுவர் அது! கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து அதைத் திருத்த ஆரம்பித்திருக்கிறார்கள். ஆரிகன் மாநிலம் 2019-ல் ஒரு சட்டம் போட்டு, 10 ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிற ஊர்களில் தனி வீடு கட்டக்கூடிய மனையில் ரெட்டை வீடும் கட்ட அனுமதிக்கணும்னு சொல்லிவிட்டது.

சுவர் விஷயத்திலும் ஊருக்கு ஊர் ஒரு விதி. இங்கிலாந்தில் வாகனம் போகிற சாலையை ஒட்டிய சுவரோ வேலியோ 1 மீட்டரைத் தாண்டினால் தனி அனுமதி வேணும். மற்ற இடங்களில் 2 மீட்டர் வரை சுதந்திரம். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் வீட்டு முன்பக்கம் பொதுவாக வேலியே கூடாது, செடி வளர்த்துக்கோ என்கிறார்கள். நம்ம ஊரில் அதைச் சொன்னால் மாடு வந்து செடியை மேய்ஞ்சிட்டுப் போயிடும்! அதனால் அப்படியே காப்பியடிக்க வேண்டாம். நம்ம மண்ணுக்கு, மழைக்கு, மாட்டுக்கு, சாதிக்குப் பொருந்துகிற விதி நமக்கு வேணும்.

நம்ம புத்தகத்தில் என்ன இருக்கு?

சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது 1920-ல். இப்போது நடைமுறையில் இருக்கிற நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஐச் சேர்ந்தது. ஊருக்கு ஒன்றாக இருந்த கட்டட விதிகளை ஒன்றுசேர்த்து 2019 பிப்ரவரியில் 'ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்' வந்தன. 2024 ஜூலையில் அடுத்த பாய்ச்சல். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு என்றால், சுய சான்று கொடுத்து ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. ஆபீஸ் ஆபீஸாக அலைந்த நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய நிம்மதி, சந்தேகமே இல்லை.

விதி வேகமாச்சு. சந்தோஷம்! ஆனா, வேகம் யாருக்காக? விண்ணப்பம் போடுகிறவருக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடுவதில்லையே!

ஊர் வரைபடத்தின் கதை இன்னும் மோசம். 5 வருஷத்துக்கு ஒரு தடவை முழுமைத் திட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. கோயம்புத்தூருக்கு 1994-ல் ஒரு திட்டம் வந்தது. அடுத்த திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வந்தது 2024-ல். 1994-ல் பிறந்த குழந்தை படிச்சு, வேலைக்குப் போய், கல்யாணமும் பண்ணியிருக்கும்! பெரிய நகரத்துக்கே இந்த நிலைமைன்னா சின்ன ஊரை யோசிங்க. 2021-ல் தொடங்கிய 'அம்ருத் 2.0' திட்டத்தில், 50 ஆயிரம் முதல் 99,999 வரை மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு ஜி.ஐ.எஸ். முறையில் முழுமைத் திட்டம் தயாரிப்பதும் ஒரு பகுதி. ஆக, பேனா பேப்பர்கிட்ட வந்திருக்கிற நேரம் இது.

நாம என்ன கேட்கலாம்?

முதல் விஷயம், உயரத்தைப் பள்ளத்தில் நின்று அளக்கணும். சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கம் 5 அடியாகத் தெரிகிற சுவர், பள்ளத்துப் பக்கம் 15 அடியாக நிற்கும். பள்ளத்தில்தானே வீடு இருக்கு?

ரெண்டாவது, ஒரு அளவைத் தாண்டினால் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட்ட வரைபடம் வேணும். மண்ணைத் தாங்குகிற சுவர் என்றால் வீப் ஹோல் இருந்தே ஆகணும்.

மூணாவது, அந்தப் பக்கம் வீடு ஒட்டி இருந்தால், சுவர் உயரத்துக்கு ஏற்ற இடைவெளி விடணும். இடம் இல்லையா? கீழே பாதி சுவர், மேலே கம்பி வலை. திருடனுக்குப் பயம் வேணும்னா வலையே போதும்.

நாலாவது, தெரு முனைச் சுவர். முனை மனையில் மூலையைச் சாய்த்து வெட்டி இடம் விடணும்னு விதியிலேயே இருக்கு. பைக்கில் திரும்பும்போது எதிரே வருகிற லாரி கண்ணுக்குத் தெரியறதுக்காகத்தான். அதை ஒழுங்கா அமல்படுத்தினாலே போதும்.

எப்படிக் கேட்கலாம்?

வரைவு முழுமைத் திட்டம் வெளியானதும் ஆட்சேபமும் ஆலோசனையும் எழுதிக் கொடுக்கக் குறைந்தது 2 மாசம் அவகாசம் தரணும் என்கிறது 1971 சட்டம். யார் வேணும்னாலும் கொடுக்கலாம். சொந்த வீடு இருக்கணும்னு இல்லை, சொத்து வரி ரசீது காட்டணும்னும் இல்லை. வாடகை ரூம்ல ஆறு பேரோடு தங்கியிருக்கிற நீங்களும் எழுதலாம்.

இப்போதே ஒரு சுவர் பயமுறுத்துதா? இடிந்து விழுகிற நிலையில் உள்ளதைச் சரிசெய்யவோ இடிக்கவோ உரிமையாளருக்கு உத்தரவு போடுகிற அதிகாரம் நகராட்சி ஆணையருக்கு இருக்கு. போட்டோ, அளவு, இடம் எல்லாம் குறிப்பிட்டு மனு கொடுங்க. பதில் இல்லையா? 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்ட மனு, 30 நாளில் பதில் வரணும். சிவில் பசங்க அளக்கட்டும், கம்ப்யூட்டர் பசங்க வரைபடத்தில் குறிக்கட்டும், தமிழ் டிபார்ட்மென்ட் மனுவை எழுதட்டும். மினி புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்கலைன்னு புலம்பறவங்களுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

வெயில் அடிக்கும்போது எல்லாச் சுவரும் உறுதியாத்தான் நிற்கும். அடுத்த வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல வந்துடும். அதுக்குள்ள உங்க ஊர்ல கருத்துக் கேட்பு நோட்டீஸ் வந்தா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் மேட்னி ஷோவைத் தள்ளி வைங்க ப்ளீஸ்!